இலை மடிப்பும் பந்தி வரிசையும்

நம் பொங்கல் விருந்தில் நடந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் சாப்பிட்டு முடித்ததும் இலையை எதிர்ப்பக்கமாக மூடிவிட்டார். "துக்க வீட்டுலதான் அப்படி மூடுவாங்க" என்று பெரியவர் ஒருவர் கடிந்துகொள்ள, தம்பியின் முகம் வாடிப்போனது.

ஐரோப்பிய விருந்தில் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தால் சாப்பிட்டாயிற்று என்று பொருள். பிரித்து வைத்தால் இன்னும் முடியவில்லை. பரிமாறுபவருக்கு அது ஒரு சேதி. நம் தலைவாழை இலைக்கும் இப்படிப் பேச்சு உண்டு. நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். அகலமான பகுதி வலக்கைப் பக்கம் வரும், சோறு பிசைய வசதி. உப்பும் ஊறுகாயும் மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். முடித்ததும் நம் பக்கமாக மூடினால் உறவு தொடரட்டும் என்பார்கள். சில ஊர்களில் இதை நேர்மாறாகச் சொல்வதும் உண்டு. ஆகவே தம்பியை ரொம்பக் கடிய வேண்டாம்.

ஆனால் நம் வரலாற்றில் பெரிய சண்டை இலை மடிப்புக்காக நடக்கவில்லை, யார் பக்கத்தில் யார் இலை என்பதற்காகத்தான் நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-இல் குருகுலம் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் ரூ.5,000 கொடுத்தது, அந்நாளில் அது பெருந்தொகை. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு என்பது வெளியே தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரை விவகாரம் போனது. 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ரயில்வே உணவு விடுதிகளில் பிராமணருக்கென்று இருந்த தனி இடம் 1941-இல்தான் போயிற்று. இன்று ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

வங்கியில் இருந்தபோது கடன் வசூலுக்காக ஒருமுறை கல்வராயன் மலைக்குப் போனேன். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வீட்டில் சாமைச் சோறும் குழம்பும் போட்டார்கள். வசூலுக்கு வந்தவன் நான். சாப்பிட்டு எழுந்து இலையை எடுக்கப் போனால், வீட்டுக்கார அம்மா "விடுங்க சாமி" என்று தடுத்துவிட்டார்.

அன்று எனக்கு எழுபதுகளில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கல்யாணம் நினைவுக்கு வந்தது. இலைக்கட்டுகளைத் தலையில் சுமந்து வந்தவர்களுக்குப் பந்தியில் இடமில்லை. கொல்லைப்புறத்தில் உட்காரவைத்துத் தையல் இலையில் போட்டார்கள். இலை நுனி இடப்பக்கமா என்று வரிசை வரிசையாகச் சரிபார்த்த என் பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பதினைந்து வயதில் நானும் பாயசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை: அடுத்த விருந்துக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். பக்கத்து இலை எனக்கு.