விலைபோகாத கண்ணாடி: இலவசத் தொலைக்காட்சிகளும் திருவண்ணாமலையும்

திருவண்ணாமலையின் குப்பைக் கவலை பௌர்ணமியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓரிரவில் சேரும் தட்டும் பாட்டிலும் விடிந்தால் எல்லார் கண்ணிலும் படும்; அதனால் அவற்றை அள்ள ஆள் உண்டு. பழுதான தொலைக்காட்சிப் பெட்டிக்கு அப்படியொரு விடியல் இல்லை. பரணிலிருந்து இறங்கித் தள்ளுவண்டியேறிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் பொருளை யாரும் குப்பை என்று எண்ணுவதில்லை.

இங்கு நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பொருள்: 2006ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குறுதியின்படி, குடும்ப அட்டை அடிப்படையில் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 2011 வரை மாநிலமெங்கும் சுமார் 1.6 கோடிப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஒன்றைப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1.6 லட்சம் டன். ஏழை வீட்டுக்குள் தொலைக்காட்சி நுழைந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. அது வெளியேறும் வழியை யாரும் திட்டமிடவில்லை என்பதே என் வாதம்.

பழைய இரும்புக் கடையில் இப்பெட்டிக்கு விலை தருபவை மூன்று: பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியுள்ள யோக் காயிலின் செம்பு, போர்டு, பிளாஸ்டிக் கூடு. காயிலைக் கழற்றும் அவசரத்தில் கழுத்து உடைகிறது. மிஞ்சும் கண்ணாடியை எடுத்துக்கொள்ள ஆளில்லை. பெட்டியின் எடையில் பெரும்பங்கும் அதுதான், நஞ்சும் அதில்தான். கதிர்வீச்சைத் தடுப்பதற்காகப் பிக்சர் டியூப் குழலின் புனல் வடிவப் பின்பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு சேர்க்கப்பட்டது. முகப்பையும் புனலையும் ஒட்டும் கண்ணாடிப் பசையில் ஈயம் அதனினும் அதிகம். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கசிவுச் சோதனையில், உடைத்த குழல்களிலிருந்து லிட்டருக்குச் சராசரியாக 18.5 மில்லிகிராம் ஈயம் வெளியேறியது. அமெரிக்க வரம்பு 5 மில்லிகிராம். அச்சோதனை குப்பைமேட்டின் அமிலச் சூழலைப் பாவனை செய்வது. நம் ஊர்களில் உணவுக் கழிவோடு கலந்து கிடக்கும் குப்பைக்கு அது பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. திருவண்ணாமலை கடினப்பாறை நிலம். நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளின் வழியே நகர்வதால், ஒரு கிணற்றில் ஈயம் தென்பட்டாலும் அது எந்த மேட்டிலிருந்து வந்தது என்று காட்டுவது கடினம்.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கு வைக்கின்றன: முதலிரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு, பிறகு 70, பிறகு 80. இலக்கை எட்டப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். அந்தச் சான்றிதழோ தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் மீட்பைக் கணக்கிட்டுத் தரப்படுவது. ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக அகற்றியவருக்குச் சான்றிதழில் ஒரு கிராமும் ஏறாது. சந்தை எதை மதிக்கிறதோ அதையே சட்டமும் மதிக்கிறது. இரும்புக் கடைக்காரர் ஏற்கெனவே செய்வதற்கு முத்திரை குத்துவதைத் தாண்டி இது எங்கே போகிறது? போதாக்குறைக்கு, 2016 விதிகளில் இடம்பெற்ற சேகரிப்பு மையங்களும் பிரித்தெடுப்போரும் 2022 விதிகளின் பதிவுப் பட்டியலில் இல்லை. கோயில் நகரத்து வீட்டுக்கும் தொலைதூர ஆலைக்கும் இடைப்பட்ட கண்ணியே அறுந்துபோயிற்று.

அவ்விதிகளின் மொத்த நுகர்வோர் என்ற பிரிவிலும், பெட்டிகளை விநியோகித்தவர் என்ற முறையில் அரசு அகப்படவில்லை. ஆண்டில் ஆயிரம் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனம் அதில் வரும். கோடிக்கணக்கில் வாங்கி விநியோகித்தவர் வரமாட்டார். இதே தமிழக அரசு, தொலைக்காட்சி விநியோகம் நடந்துகொண்டிருந்த 2010இல், மின்னணுக் கழிவுக் கொள்கையையும் வெளியிட்டது என்பது தனி வேடிக்கை.

யாரிடம் கொடுத்தோம் என்று தெரிந்த மின்னணுப் பொருள் அரிது. இலவசத் தொலைக்காட்சிக்கு அந்தச் சாதகம் உண்டு. குடும்ப அட்டை வழியே போனதைக் குடும்ப அட்டை வழியே திரும்பக் கேட்கலாம்: ஆண்டுக்கு ஒருமுறை, போகிக்கு முந்தைய வாரத்தில், ரேஷன் கடைப் பகுதிதோறும், முழுப் பெட்டிக்குப் பணம் தந்து. விலை இரும்புக் கடையைவிடக் கூடுதலாக இருந்தால் தள்ளுவண்டிக்காரரே உடைக்காமல் கொண்டுவருவார். அவரை விலக்கிவைத்து எந்தத் திட்டமும் ஓடாது. ரேஷன் கடை ஊழியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது நியாயமான எதிர்வாதம். ஆகவே பொறுப்பை உள்ளாட்சி ஏற்க வேண்டும். 2024இல் மாநகராட்சியாகிவிட்ட திருவண்ணாமலையில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

தொலைக்காட்சிகளில் பெரும்பகுதி இதற்குள் உடைபட்டிருக்கக்கூடும். ஆனால் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அரசு கொடுத்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் இப்போது பரணேறும் வயதில் இருக்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது. பழுதான கருவியை மாவட்ட அளவிலேயே திரும்பப் பெறும் கடமையும், அதற்கான செலவும், விற்பவரின் ஒப்பந்தத்தில் விலையோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.