கம்பி கிடக்கும் பக்கம்

கண்டி மாநகரின் வடபால் அமைந்த மஹய்யாவ மேடும் பள்ளமுமான பகுதி. மலைச்சரிவில் வீடு எழுப்புவோர் முதலில் மண்ணை வெட்டித் தளம் அமைக்கவேண்டும். வெட்டிய மண் சரியாதிருக்க மதிலும் கட்டவேண்டும். அம்மதில் வலுவூட்டிய கொங்கிறீற்றினால் ஆனதாயின், உள்ளே மறைந்திருக்கும் உருக்குக் கம்பி எப்பக்கத்தில் கிடக்கவேண்டும்? சிறு வினாவெனத் தோன்றும் இதற்குக் கணக்கறிந்து விடைகூற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன.

கொங்கிறீற்றுக்குக் கருங்கல்லின் குணமுண்டு. அமுக்கினால் பெரும்பாரம் தாங்கும். இழுத்தாலோ அவ்வலிமையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கிலேயே வெடித்துவிடும். பிரான்சு தேசத்துத் தோட்டக்காரரான யோசேப்பு மொனியே, இரும்பு வலையைச் சீமெந்துச் சாந்தினாற் பொதிந்து செடித்தொட்டிகள் செய்து, 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொட்டிகள் உறுதியாயிருந்தன, காரணத்தை விளக்கும் கணக்குத்தான் அவரிடம் இல்லை. 1886இல் ஜெர்மானியப் பொறியியலாளர் மத்தியாஸ் கோனென் அதனை வகுத்தளித்தார். பாரத்தால் வளையும் உத்தரத்தின் ஒருபக்கம் நசுங்கும், மறுபக்கம் நீளும். நீளும் பக்கத்திலேயே இரும்பு வேண்டும் என்றார். வெப்பத்தில் இரண்டு பொருள்களும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவது இயற்கை தந்த கொடை. அஃதில்லையேல் இக்கூட்டு என்றோ பிரிந்திருக்கும்.

இரு சுவர்களுக்கிடையே கிடக்கும் உத்தரத்தில் கம்பி அடியில் இருத்தல்வேண்டும். சுவருக்கு வெளியே நீண்ட மாடத்திலோ மேற்புறத்தில். சாந்து கொட்டும்போது வேலையாட்கள் மிதித்து அக்கம்பி கீழிறங்கிவிட்டால், எவ்வளவு கம்பி இட்டும் பயனில்லை. மஹய்யாவ மதிலை மண் வெளியே தள்ளுகிறது; ஆகவே மதிலின் மண் தொடும் பக்கமே நீள்கிறது. பிரதான கம்பி கிடக்கவேண்டிய இடமும் அதுவே. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் வெளிப்பக்கம் அன்று.

கண்டிக்குக் கிழக்கே, 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. வில்போல் வளைந்து, நீரின் தள்ளுதலை இருமருங்குப் பாறைகளுக்கும் அமுக்கமாகவே கடத்துகிறது. உத்தரத்துக்கு வேண்டிய கம்பி அதற்கு வேண்டுவதில்லை. வடிவமே அங்கு கம்பியின் வேலையைச் செய்கிறது. நேராக நிற்கும் வீட்டு மதிலுக்கு அவ்வசதி கிடையாது.

கம்பி மிகுந்தால் வலிமை மிகும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது பாதி உண்மை. அளவோடு கம்பியிட்ட உத்தரத்தில் பாரம் மிஞ்சும்போது கம்பி முதலில் இளகி நீளும். உத்தரம் தொய்யும், விரிசல்கள் அகலும். அளவுக்கு மிஞ்சி இட்டதிலோ கம்பி அசையாதிருக்க, கொங்கிறீற்றே திடீரென நொறுங்கும். முன்னதில் விரிசலைக் கண்டு வீட்டார் வெளியேற அவகாசமுண்டு. பின்னதில் அதுவும் இல்லை.