இரவு வான நிலக்காட்சிப் புகைப்படக் கலை

சந்திரனையும் நக்ஷத்திரங்களையும், அவற்றின் கீழ் விரிந்து கிடக்கும் மலை, பாலைவனம், கடற்கரை முதலிய நிலப்பரப்பையும் ஒரே படத்தில் அமைத்துக் காட்டும் இக்கலை, தனித்துறையாக வளர்ந்தது அண்மைக் காலத்திலேயே எனினும், அதன் வேர்கள் புகைப்படக் கலையின் பிறப்பை ஒட்டியவை. 1840இல் ஜான் வில்லியம் டிரேப்பர் நியூயார்க்கில் சந்திரனின் பிம்பத்தைத் தகட்டில் பதித்தார். 1850இல் ஹார்வர்ட் வானாராய்ச்சி நிலையத்தில் வானசாஸ்திரி பாண்டும் புகைப்படக் கலைஞர் விப்பிளும் வேகா நக்ஷத்திரத்தைப் படமெடுத்தனர். முகங்களைப் படமெடுப்பதற்கென்றே கடைந்த அகன்ற லென்ஸ் ஒன்றைக் கொண்டு, 1889இல் வானசாஸ்திரி பர்னார்ட் லிக் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து பால்வழியின் மேகத்திரள்களைப் பதித்தார்.

இவற்றில் எதிலும் பூமி இடம்பெறவில்லை. பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழலுவதால், மங்கிய ஒளியைத் திரட்டும்பொருட்டு நெடுநேரம் திறந்து வைக்கும் காமிராவைக் கடிகாரப் பொறியால் வானத்தோடு சேர்த்துத் திருப்பினால், நக்ஷத்திரங்கள் புள்ளிகளாக நிற்க, மலைமுகடு கலங்கிவிடும். முக்காலியில் அசையாது நிறுத்தினாலோ மலை தெளிவாகப் பதிய, நக்ஷத்திரங்கள் துருவத்தைச் சுற்றிய வளைகோடுகளாகிவிடும். வானசாஸ்திரிகள் வானத்தைத் தேர்ந்தெடுத்து நிலத்தைக் கைவிட்டதில் வியப்பில்லை.

இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்த படங்களுள் தலைசிறந்தது அன்ஸெல் ஆடம்ஸ் எடுத்த ‘ஹெர்னாண்டஸ் சந்திரோதயம்’ என்றே கருதுகிறோம். அமெரிக்காவின் நியூமெக்ஸிகோ நெடுஞ்சாலையில் மாலையில் காரில் சென்றுகொண்டிருந்த அவர், பனிமலைத் தொடருக்கு மேல் சந்திரன் எழுந்திருப்பதையும், கீழே சிற்றூரின் மாதா கோயிலை அடுத்த கல்லறைச் சிலுவைகளில் அஸ்தமன சூரியனின் கடைசிக் கிரணங்கள் படிந்திருப்பதையும் கண்டு, வண்டியை நிறுத்திப் பெரிய காமிராவை அவசரமாகப் பொருத்தினார். ஒளிமானியைத் தேடியும் அது கைக்கு அகப்படவில்லை. சந்திரனின் பிரகாசம் சதுர அடிக்கு 250 காண்டில் என்பது நினைவுக்கு வர, அதையே அளவாகக் கொண்டு ஒரு நெகட்டிவை எடுத்தார். மறு நெகட்டிவுக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின் ஒளி மறைந்துவிட்டது. அவர் தேதியைக் குறித்து வைக்காததால், அப்படம் பல ஆண்டுகளின் பெயரில் வழங்கிவந்தது. பின்னர் வானசாஸ்திரி டேவிட் எல்மோர், மலைகளுக்கு மேல் சந்திரன் நின்ற இடத்தைக் கணித்து 1941 அக்டோபர் 31 என்று கூறினார். டென்னிஸ் டி சிக்கோ, காமிரா நின்ற இடத்தை நுட்பமாக ஆராய்ந்து, 1991இல் அதை 1941 நவம்பர் 1 மாலை 4.49 மணி என்று திருத்தினார். நிலமும் வானும் ஒரு சட்டத்துள் அமையும்போது, படம் தன் இடத்துக்கும் காலத்துக்கும் தானே சாட்சியாகிறது. இத்துறையின் மேன்மை இதுவே.

பிலிம் காலத்தில் நக்ஷத்திரங்களைப் புள்ளிகளாகப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. மங்கிய ஒளியில் நேரம் செல்லச் செல்லப் பிலிமின் உணர்திறனும் குன்றும். ஆதலால், நக்ஷத்திரத் தடங்களையே அழகாக்கினர் சிலர். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் வானாராய்ச்சிக் கூடத்தின் கூரைக்கு மேல் பல மணி நேரம் பதித்த வட்டத்தடங்கள் பிரசித்தமானவை. டிஜிட்டல் காமிராக்கள், குறிப்பாக 2007ஐ ஒட்டி வந்த உயர் உணர்திறன் கருவிகள், நிலைமையை அடியோடு மாற்றின. 500ஐ லென்ஸின் குவிதூரத்தால் வகுத்தால் நக்ஷத்திரம் இழுபடாமல் திறந்து வைக்கத்தக்க விநாடிகள் ஏறக்குறையக் கிடைக்கும்: 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 விநாடி. அந்தச் சிறுபொழுதிலேயே பால்வழியும் பாறையும் சேர்ந்து பதியலாயின. வானத்தையும் நிலத்தையும் தனித்தனியே எடுத்து இணைக்கும் வழக்கமும் பெருகியது. ஒரே இடத்தில் ஒரே இரவில் எடுத்தவற்றை இணைப்பது ஏற்கத்தக்கதே, ஆனால் அவ்விடத்தில் ஒருகாலும் உதிக்காத வானத்தை அதன்மேல் ஒட்டுவது இடத்துக்கும் காலத்துக்கும் படம் கூறும் சாட்சியத்தை அழித்துவிடுகிறது.

ஈரானியரான பாபக் தஃப்ரேஷி 2007இல் நிறுவிய ‘இரவில் உலகம்’ என்னும் இயக்கம், பல நாட்டுப் புராதனச் சின்னங்களை அவற்றின் வானத்தோடு படம்பிடித்து, 2009ஆம் சர்வதேச வானியல் ஆண்டின் சிறப்புத் திட்டமாயிற்று. நகர விளக்கொளி இத்தகைய வானத்தையே விழுங்கிவருவதால், காப்பிடங்களும் தோன்றின. யூட்டாவின் நாச்சுரல் பிரிட்ஜஸ் 2007இல் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாயிற்று. லடாக்கின் ஹான்லேயில் 2022இல் அமைந்த காப்பகத்தில் கிராமவாசிகள் ஜன்னல்களுக்குக் கனத்த திரையிட்டு, வருவோருக்குத் தொலைநோக்கி வழியே வானத்தைத் தாங்களே காட்டுகின்றனர்.