உப்பும் நைட்ரஜனும்

என் ஆயா ஆம்பூரில் தோல் ஷாப்பில் உப்புத் தட்டும் வேலை பார்த்தவர். உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும். உப்பைக் கொட்டி வைத்தால் தோலில் இருக்கும் தண்ணீர் வெளியேறும், அழுகல் நிற்கும். அப்படி லாரியில் வந்து இறங்கும் தோலை உதறி, உப்பைத் தட்டியெடுத்த பிறகுதான் ஊறவைக்கும் தொட்டிக்கு அனுப்புவார்கள். ஆயாவின் விரலிடுக்கு எப்போதும் வெடித்தே இருக்கும். 1963இல் அம்மா வயிற்றில் இருந்தபோதும் அந்த வேலைக்குத்தான் போனாராம்.

இதை நான் கணக்குப் போட்டு யோசித்தது 2023இல், முப்பத்து நான்கு வயதில், சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது. பெண் சிசு வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சினைப்பையில் 60, 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். அதற்குப் பிறகு கூடுவதே இல்லை, குறைவதுதான். அப்படியானால் நான் உருவான முட்டை, உப்புத் தட்டிக்கொண்டிருந்த ஆயாவின் வயிற்றுக்குள், அம்மாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நான் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். ஆறு வருடப் பழக்கம் ஒன்று முடிந்திருந்தது. அது போகட்டும். ரத்தப் பரிசோதனையில் ஏஎம்ஹெச் அளவு வயதுக்குக் குறைவு என்றார் டாக்டர். வீட்டில் சொன்னேன்.

“இன்னாடி, மீனு மாதிரி ஐஸ்ல வெக்கப் போறியா?” என்றார் அம்மா.

“ஐஸ் ஆவக் கூடாதும்மா. ஐஸ் ஆச்சுன்னா செத்துடும்.”

உண்மையில் கருமுட்டை உறைவிப்பின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிதான். மனித உடம்பிலேயே பெரிய செல் கருமுட்டை. உள்ளே பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் உறைந்து பனிப்படிகமானால் உள்ளே இருப்பதையெல்லாம் குத்திக் கிழித்துவிடும். அதனால் ஆணின் விந்தை உறையவைத்துக் குழந்தை பிறந்தது 1953இலேயே. முட்டை காத்திருக்க வேண்டியிருந்தது. 1986இல் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் சென் உறைந்த முட்டையிலிருந்து முதல் பிரசவத்தை அறிவித்தார், இரட்டைக் குழந்தைகள். ஆனாலும் மெதுவாகக் குளிர்விக்கும் அந்த முறையில் வெற்றி அபூர்வமாகவே இருந்தது. 1999இல் விட்ரிஃபிகேஷன் முறையில் முதல் குழந்தை பிறந்தது. முட்டையிலிருந்து தண்ணீரை முடிந்தவரை வெளியே இழுத்துவிட்டு, சட்டென்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுவது. படிகமாக நேரமே இருக்காது, கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஜப்பானின் மசாஷிகே குவயாமா இதற்காக உருவாக்கிய மெல்லிய பட்டைக்குப் பெயர் கிரையோடாப்.

முதலில் தண்ணீரை எடு. எங்கள் ஆயாக்களுக்குத் தெரிந்த விஷயம்.

இந்தியாவில் இந்தக் கதை ஒரு மரணத்தோடு தொடங்குகிறது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தாள். சுமார் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். பின்னால் இருந்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். ஹார்மோன் ஊசி போட்டுத் தூண்டிய அதே மாதத்தில் கருவை வைத்தால் கர்ப்பப்பை ஏற்காது என்று அவர் நினைத்தார். ஆகவே கருவை உறையவைத்து, 53 நாள் காத்திருந்து, இயல்பான இன்னொரு சுழற்சியில் வைத்தார். கூட இருந்த சுனித் முகர்ஜி உணவுத் தொழில்நுட்பப் பேராசிரியர்! கெட்டுப்போகாமல் காப்பது எப்படி என்று தெரிந்த ஆள்தானே அந்த வேலைக்கு வேண்டும். உறைந்த கருவிலிருந்து பிறந்த குழந்தையை மேலை நாட்டு டாக்டர்கள் அறிவித்ததே 1984இல்தான், மெல்போர்னில்.

மேற்கு வங்க அரசு போட்ட விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. தன் ஆய்வை வெளிநாட்டில் போய்ச் சொல்லவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். 1986இல் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து ‘இந்தியாவின் முதல்’ சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமார், பிறகு முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். முதல் ஆள் நான் இல்லை, அவர்தான் என்று 1997இல் எழுதினார். தன் பட்டத்தைத் தானே கழற்றி வைப்பவர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை.

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல், சென்னையில் கமலா செல்வராஜின் கையில். அதன்பின் ஊருக்கு ஊர் மையங்கள் வந்துவிட்டன.

சென்னைக்கு நான் ரயிலில்தான் போய்வந்தேன். காட்பாடி தாண்டி வாலாஜா ரோடு வரும். பக்கத்தில் ராணிப்பேட்டை, ஐடா ஸ்கடர் 1870இல் பிறந்த ஊர். பிரசவ வலியில் கிடந்த மனைவிகளுக்காக மூன்று ஆண்கள் ஒரே இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதும், ஆண் டாக்டரான அவர் அப்பாவைப் பிரசவத்துக்கு அனுமதிக்காததால் மூன்று பெண்களும் இறந்ததும் இந்தப் பக்கம் எல்லாரும் கேட்ட கதை. அதற்காகவே டாக்டருக்குப் படித்து வந்து 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. இன்றைய சிஎம்சி அதிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பயம் பிரசவம். என் பயம் வேறு.

பத்துப் பதினொரு நாள், தினமும் தொப்புளுக்குக் கீழே ஊசி. நானே போட்டுக்கொண்டேன். கம்பெனி பாத்ரூமில் கூட ஒருநாள். ஐஸ் பேக் வைத்த டிபன் டப்பாவைப் பார்த்து “இன்னாக்கா, ஐஸ்கிரீமா?” என்று கேட்டாள் ஸ்டிச்சிங் லைன் பெண் ஒருத்தி. வயிறு உப்பி ஜீன்ஸ் ஏறவில்லை. ஒன்றும் இல்லாததற்கு அழுதேன். கடைசி ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை எடுத்தார்கள். பதினொன்று. உறையவைக்கத் தகுந்தது எட்டு. செலவு ஒன்றே முக்கால் லட்சம், சேமிப்புக்கு வருடாவருடம் தனி. அது அந்த லைன் பெண்ணின் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல்.

எட்டு முட்டை என்றால் எட்டுக் குழந்தை இல்லை, ஒரு குழந்தை என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2012இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் ‘சோதனை முயற்சி’ என்ற பட்டியலிலிருந்து எடுத்தபோது மனதில் வைத்தது முக்கியமாகக் கீமோதெரபிக்குப் போகும் பெண்களை. வயதைத் தள்ளிப்போடுவதற்காக இதைப் பரிந்துரைக்கப் போதிய தரவு இல்லை என்றே அப்போது சொன்னது. இரண்டே ஆண்டில் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் ஊழியர்களுக்கு இதைச் சலுகையாக அறிவித்துவிட்டன. 2016இல் முன்னாள் உலக அழகி டயானா ஹெய்டன், எட்டு வருடம் முன்பு உறையவைத்த முட்டையில் குழந்தை பெற்றதும் நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் விஷயம் தெரிந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. எது வேலையிடத்தின் சலுகை, எது கடமை என்று நான் அந்த மயக்கம் தெளிந்த படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் ‘கணவர் பெயர்’ என்று ஒரு கட்டம். கோடு போட்டேன். ரிசப்ஷன் பெண் இரண்டு முறை கேட்டார், குரலைத் தாழ்த்தி. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கல்யாணம் ஆகாத பெண்ணும் இந்தச் சிகிச்சைக்கு வரலாம், ஐம்பது வயது வரை. ஆனால் கூடவே வந்த வாடகைத்தாய்ச் சட்டம் தனிப் பெண்களில் விதவைக்கும் விவாகரத்தானவருக்கும் மட்டும்தான் கதவைத் திறக்கிறது. நாளைக்கு என் கர்ப்பப்பை ஒத்துழைக்காவிட்டால் அந்த எட்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதே சட்டம் முட்டை தானம் செய்பவருக்கு வயது 23 முதல் 35, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. அது வந்த ஆறே மாதத்துக்குள் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் முட்டைகளை, ஆதாரில் வயதை மாற்றி, பலமுறை எடுத்து விற்றது வெளியே வந்தது. கைதானவர்களில் அவள் அம்மாவும் உண்டு. எனக்குப் போட்ட அதே ஹார்மோன் ஊசிதான் அவளுக்கும் போட்டிருப்பார்கள். எனக்கு ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் பக்கவிளைவைப் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

போன மாதம் சேமிப்புக் கட்டணத்துக்கு மெசேஜ் வந்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். ஜிபேயில் கட்டுவதை எட்டிப் பார்த்தார்.

“எவ்ளோ?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. களைந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு வந்து கேட்டார்:

“கரண்ட் போச்சுன்னா?”

“அதுக்குக் கரண்டே வேணாம்மா. நைட்ரஜன் ஊத்திக்கினே இருப்பாங்க.”

“யாரு ஊத்துறாங்க? ராத்திரியிலயும் ஆளு கீதா?”