கோடைக்கானல் விண்கல்: இரும்பினுள் உறைந்த பாறை

வானிலிருந்து வீழும் ஒளியைத் தமிழ் மரபு வருவது உரைக்கும் குறியாகவே பெரிதும் கண்டது. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், விண்மீன் ஒன்று வீழக் கண்டு தம் சேர மன்னனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் மாய்கிறான். ஆனால், வீழ்ந்தது கல்லாகக் கையில் கிடைக்குமானால் அது உரைப்பது வருவதை அன்று, சென்றதை. அத்தகைய கல்லொன்று தமிழ் மண்ணிலேயே கிடைத்ததை நம்மில் பலர் அறிந்திலோம்.

1898இல் பழனி மலைத்தொடரில், கோடைக்கானலை ஒட்டி, ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள இரும்புப் பாளம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அம்மலையில் சூரிய ஆய்வகம் அமைந்ததோ அதற்கு மறு ஆண்டில்தான். பாளத்தை அறுத்தபோது இரும்பினிடையே கல்மணிகள் காணப்பட்டன. வியன்னா அறிஞர் பெர்வெர்த் 1906இல் அவற்றைப் பற்றி விரித்தெழுதினார்.

விண்கற்களைக் கல், இரும்பு, கல்லிரும்பு என மூன்றாகப் பகுப்பது பழைய வழக்கம். கல்லிரும்பில் முதன்மையானவை இரண்டு. பல்லசைட்டில் நிக்கல் கலந்த இரும்பினிடையே மஞ்சட்பச்சை நிற ஒலிவின் படிகங்கள் பதிந்திருக்கும். சைபீரியாவில் 1772இல் பல்லாஸ் என்னும் அறிஞர் கண்ட ஏறத்தாழ 700 கிலோக் கட்டியே இப்பெயருக்கு மூலம். மீசோசிடரைட்டில் உடைந்த எரிமலைப் பாறைத் துண்டுகளும் இரும்பும் ஏறக்குறையச் சமமாக விரவியிருக்கும். கோடைக்கானல் கல்லில் இரும்பே மிகுதி. ஆதலால் அதனை இரும்பு வகையில் சேர்ப்பர். எனினும் இம்மூன்றும் எழுப்பும் வினா ஒன்றே. உருகிய கோளில் கனத்த இரும்பு நடுவே அமிழும். எடை குறைந்த பாறை மேலே நிற்கும். பிரிய வேண்டியவை ஒன்றாய் உறைந்தது எவ்வாறு?

விடைக்குரிய தடயம் அக்கல்மணிகளிலேயே இருந்தது. அவற்றில் பைராக்சீனும், சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கண்ணாடியும் உள்ளன. பொட்டாசியத்தோடு சேர்ந்து வரும் ருபீடியம் காலப்போக்கில் ஸ்ட்ரான்சியமாகச் சிதையும். இரண்டையும் அளந்தால் கல்லின் அகவை தெரியும். 1967இல் பர்னெட், வாசர்பர்க் என்னும் இருவர் அவ்வாறு அளந்து 380 கோடி ஆண்டுகள் எனக் கண்டனர். சிதைவு வீதம் பின்னர் திருத்தப்பட்டபோது அது 370 கோடியாயிற்று. சூரியக் குடும்பத்தின் அகவையோ 456 கோடி. அதாவது, கோள்கள் பிறந்து 80 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் இக்கல் மீண்டும் உருகியிருக்கிறது. அந்நாளில் சிறுகோளொன்றின் அகவெப்பம் அதற்குப் போதாது. வேறொரு வான்பொருள் வந்து மோதியே இரும்பையும் பாறையையும் உருக்கிக் கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பைராக்சீன் நமக்கு அயலானதன்று. குலசேகரம் அமைந்த குமரி மாவட்டத்துச் சார்னோக்கைட் பாறையிலும் அது உண்டு. பொருளால் நெருங்கிய கல், வரலாற்றால்தான் வேறுபடுகிறது. அவ்வரலாறும் எளிதில் அழியக்கூடியது. கண்டெடுத்தவர் வெறும் இரும்பென்று கொல்லன் உலையில் இட்டிருந்தால், 370 கோடி ஆண்டுச் சான்று ஒரு நாளில் கரைந்திருக்கும். அளவுக்கு மிஞ்சிக் கனக்கும் கருங்கட்டி எதுவும் நம் மலைகளில் கிடைக்குமாயின், அதனை உடைக்காமல், உருக்காமல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிடம் சேர்ப்பது நம் கடன். பழனி மலையின் வரலாற்றை எழுதுவோரும் குறிஞ்சிப் பூவோடு இக்கல்லுக்கும் ஓரிடம் தருவாராக.