மலை மேல் ஒரு மரவீடு... வாடகை எவ்வளவு?

ஏப்ரல், மே வந்தால் போதும், விக்கிரவாண்டி டோல்கேட்டில் கார் வரிசை நீண்டுவிடும். சிலர் சொந்த ஊருக்கு, சிலர் ஏற்காட்டுக்கு, கொடைக்கானலுக்கு, ஊட்டிக்கு. மலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இப்போது ஹோட்டல் ரூம் பிடிப்பதில்லை. காட்டுக்குள், கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வீடே இல்லாமல், தனியாக ஒரு மரவீடு வேண்டும்!

நண்பர்களே, இந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முழு மரத்தடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீடு நம்மூர் சரக்கே இல்லை. அது ஸ்வீடன், பின்லாந்து போன்ற குளிர் நாடுகளின் வழக்கம். 1638-ல் அமெரிக்காவின் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய ஸ்வீடன் நாட்டவர்களும் ஃபின்னியர்களும் அதை அங்கே கொண்டு போனார்கள். அங்கே நேராக வளரும் பைன் மரம் ஏராளம். நம் பக்கம் அப்படிக் கட்டினால் முதலில் குடிபுகுவது கரையான்தான். அதனால்தான் நம் ரிசார்ட்டுகளிலும் பூங்காக்களிலும் சிமென்ட்டைப் பூசி, கோடு கிழித்து, மரக்கட்டை மாதிரி பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்!

சரி, வீட்டின் கதை அப்படி. மலைக்குப் போய்த் தங்கும் பழக்கத்தின் கதை வேறு.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேல் ஏறினார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். பிறகு 1822-ல் ஊட்டியில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். அதுதான் ‘ஸ்டோன் ஹவுஸ்’. இன்றும் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அந்த நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று வாங்கியதாகச் சொல்வார்கள்.

ஏக்கர் ஒரு ரூபாய் எப்படிச் சாத்தியம்? தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள். மேய்ச்சலுக்காகப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறவர்கள். ஆள் இல்லாத நேரத்தில் பார்க்கிறவனுக்கு அது காலி நிலம். அவர்களுக்கோ அடுத்த பருவத்தில் திரும்பி வரவேண்டிய வீடு. சல்லிவனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிலம் தோடர்களுடையதுதான் என்று பின்னாளில் அரசாங்கத்திடம் வாதாடியவரும் அவரே. ஆனால் அவர் திறந்துவிட்ட வழியில் வந்தவர்கள் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை.

கொடைக்கானல் கதை இன்னும் உருக்கமானது. மதுரைப் பக்கம் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் நோயில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அவர்களுக்கு மலை வீடு உல்லாசம் அல்ல, உயிர் பிழைக்கும் வழி.

ஆனால் மேலே எப்படிப் போனார்கள்? கொடைக்கானலுக்கு மலைச் சாலை போட்டது 1914-ல்தான். அதுவரை நாற்காலியிலும் டோலியிலும் உட்காரவைத்து, ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உட்கார்ந்து போனவர்களின் பெயர்கள் கல்லறைகளிலும் தெருக்களிலும் இருக்கின்றன. தூக்கிப் போனவர்களின் பெயர் எங்கே?

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள், ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருக்க வேண்டும் என்று. மலை வாசஸ்தலங்களின் வரலாற்றைப் படித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

அடுத்தது காட்டுக்குள் இருக்கும் தங்கும் விடுதிகள். 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. காடு அரசாங்கச் சொத்தாக, அதைச் சுற்றிப் பார்க்க வரும் அதிகாரிகள் தங்குவதற்குக் காட்டுக்குள் பங்களாக்கள் எழுந்தன. பொள்ளாச்சிக்கு மேலே இருக்கும் டாப்ஸ்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து கீழே சரித்துவிட்ட இடம், அதனால்தான் அந்தப் பெயர். ஆனைமலைத் தேக்கு பம்பாய்க்குக் கப்பல் கட்டப் போனது, பிறகு ரயில் பாதைக்கும் போனது. மரம் போய்விட்டது, பங்களா நின்றுவிட்டது!

இன்று அங்கே வனத்துறை விடுதிகளில் நாமும் பணம் கட்டித் தங்கலாம். ஒரு காலத்தில் துரைக்கு மட்டும் என்று இருந்த வராந்தாவில் இன்று சாதாரணக் குடும்பம் உட்கார்ந்து டீ குடிக்கிறது. இது நல்ல மாற்றம், மறுக்கவே முடியாது. பக்கத்திலேயே கோழிகமுத்தி யானை முகாம். அங்கே யானைகளைப் பார்த்துக்கொள்பவர்களில் பலர் மலசர்கள், அந்தக் காட்டின் பழைய குடிகள். நாம் அங்கே விருந்தாளி, அவர்கள் வீட்டுக்காரர்கள். வாடகை ரசீதில் இது இருக்காது.

‘தனிமை’யைக் காசுக்கு விற்றால் என்ன ஆகும் என்பதற்கு மசினகுடிப் பக்கம் ஒரு பாடம் இருக்கிறது. யானைகள் நடக்கும் வழியில் ரிசார்ட்டுகள் முளைத்தன. வழக்கு நடந்தது. 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று யானை வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பு வந்தது. நமக்குத் தனிமையாகத் தெரிந்த இடம் யானைக்குத் தலைமுறை தலைமுறையாக நடந்த ரோடு. 200 வருடத்துக்கு முன் தோடர்களின் மேய்ச்சல் நிலம் காலியாகத் தெரிந்த அதே கதைதான்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது பலருக்குக் கோபம். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியை சல்லிவன் காலத்திலேயே கேட்டிருக்கலாம். நாம் ரொம்ப லேட்!

இதை நான் தூரத்து மலைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்ட கல்வராயன் மலையை நினைத்துச் சொல்கிறேன். அருவி பார்க்கப் போகும் நம் பசங்களுக்கு அது ‘யாரும் இல்லாத இடம்’. ஆனால் அங்கே மலையாளிப் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்கிறார்கள். நாளைக்கு அங்கேயும் மரவீடுகள் வரலாம், வரட்டும். ஆனால் அது யார் நிலம், யாருடைய வழி, வாடகைப் பணம் யார் கைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளை அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்டுவிடுவோம். ஊட்டியில் யாரும் கேட்காமல் விட்டதை இங்கேயாவது கேட்கலாமே.