தோட்டத்து அரிசியும் தொழிலாளர் உலையும்

குறைந்த செலவில் சத்துள்ள உணவு உண்பது எப்படி என்று ஏழைகளுக்கு எடுத்துரைப்போர் எக்காலத்திலும் உண்டு. கீரை மலிவு, பருப்பு மலிவு, நெத்தலிக் கருவாடு மலிவு. இவற்றைச் சேர்த்து உண்டால் உடல் தேறும் என்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் மலையகத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டும்போது நமக்கு வேறொரு வினா எழுகிறது. தன் உலையில் எது வேக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தோட்டத் தொழிலாளிக்கு என்றைக்காவது இருந்ததா?

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மலையேறிய தமிழ் மக்கள், கங்காணியிடம் பெற்ற முன்பணக் கடனைச் சுமந்துகொண்டே வந்தனர். தோட்ட நிர்வாகம் அவர்களுக்கு இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அரிசியும் கம்பளியும் கங்காணி கடனும் கழிந்த பின் கையில் மிஞ்சியது சொற்பமே. கூலிக்குப் பதிலாகப் பண்டம் கொடுப்பதைத் தடுக்கப் பிரித்தானியா 1831-ஆம் ஆண்டிலேயே தன் நாட்டில் சட்டம் செய்தது. அச்சட்டத்தின் நியாயம் கடல் கடந்து இம்மலைகளுக்கு வரவில்லை.

கடன் தொகையை எழுதிய சீட்டோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921-இல் ஒழிந்தது. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929-இல் மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று வகுத்தார்கள். தோட்டம் கொடுக்கும் அரிசிக்குப் புசலுக்கு 6 ரூபாய் 40 சதம் என்று விலை வைத்தார்கள். ஒரு புசல் 32 சேர். ஆகவே ஒரு சேர் 20 சதம். நாள் முழுதும் மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்த பெண்ணின் உழைப்பு, இரண்டு சேர் அரிசியும் மூன்று சதமும்! உப்பு, மிளகாய், பருப்பு, கருவாடு, துணி யாவும் மிச்சத்திலிருந்தே வர வேண்டும்.

அரிசிக்கு நிலையான விலை இருந்ததால் கடைக்காரனின் கொள்ளையிலிருந்து தொழிலாளி தப்பினான் என்று துரைமார் தரப்பில் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அரிசியின் விலையையும் கூலியின் அளவையும் வகுத்தவர்கள் வேறு, உண்டவர்கள் வேறு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கூலியை வெட்டினார்கள். அரிசி விலையையும் 4 ரூபாய் 80 சதமாகக் குறைத்தார்கள். வயிறு நிறைந்தால் போதும், மற்றவை வேண்டாம் என்பதே அக்கணக்கின் பொருள். அட்டனில் கோ. நடேசய்யர் 1931-இல் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது இந்தச் சூழலில்தான். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் 16 சதக் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது, பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். 16 சதம் அற்பத் தொகையன்று. அக்காலக் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு சேர் அரிசி.

1942-இல் பர்மா யப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது; பங்கீடு வந்தது; கோதுமை மா லயங்களுக்குள் நுழைந்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு முன் விரைவில் தட்டிச் சுடலாம், மலைக்குக் கையில் கொண்டுபோகலாம், நெடுநேரம் பசி தாங்கலாம். ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் இவ்வாறு வழக்கமாயின. அது தொழிலாளியின் நாவு தேர்ந்த சுவை அன்று. வேலை நேரமும் விலையும் தேர்ந்து கொடுத்த உணவு. போதாக்குறைக்கு, உணவோடு குடிக்கும் தேநீர் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தேயிலை பறிக்கும் பெண்ணின் இரத்தச்சோகைக்குத் தேயிலையும் ஒரு துணை!

தோட்டத்து மக்கள் அறியாதவர்களா? வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பறிக்கத் தெரிந்தவர்கள், லயத்தின் பின்புறத்துச் சாண் நிலத்தில் பாத்தி கட்டியவர்கள், பசு வளர்த்தவர்கள். ஆனால் பாலை விற்றுக் கடனடைக்க வேண்டியிருந்தது. பாத்தி கட்டிய நிலமோ தோட்டத்துக்குச் சொந்தம். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியதால், அரசு பகிர்ந்தளித்த நிலத்திலும் அவர்களுக்குப் பங்கில்லாமற் போயிற்று.

நிலமின்மையின் விலை 1973, 1974-ஆம் ஆண்டுகளில் தெரிந்தது. பங்கீட்டு உணவு குறைந்தது. சந்தை விலை ஏறியது. கிராமத்து ஏழை மரவள்ளி நட்டு ஓரளவு தப்பினான். தோட்டத்து ஏழைக்கு நட இடமில்லை. 1974-இல் தோட்டப் பகுதியில் ஆயிரம் பிறப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தனர். இது நாட்டின் பொது வீதத்தைப் போல் இரு மடங்குக்கு மேல். சிக்கனம் தெரியாமல் மாண்டவர்கள் அல்லர் அவர்கள்.

நுவரெலியாவின் கரட்டும் லீக்சும் கோவாவும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அப்பாத்திகளுக்கு அருகிலேயே வாழும் குழந்தைகளின் நிலை என்ன? 2016-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் ஏறக்குறைய 32 பேர். 2021-இல் நாட்கூலி 1000 ரூபாய் என்று அரசு விதித்தது. மறு ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை ஏறி அவ்வுயர்வை விழுங்கிவிட்டது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் தோட்டப் பள்ளிகளில் போசாக்கைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். கீரையின் பயனையும் பருப்பின் பயனையும் சொல்வோம். ஆனால் அப்பாடம் சமையற் பானையோடு முடிந்துவிடலாகாது. கூலிக் கணக்கையும், பயிரிட ஒரு துண்டு நிலத்தையும் பற்றிப் பேசாத போசாக்குப் பாடம், பசித்தவனையே குற்றவாளியாக்கும் பாடமாகிவிடும்.